அண்டை அயல்

காரைக்குடியில் ஒரு மனை வாங்குவதென்று முடிவு செய்த பிறகுதான் அயல் என்ற சொல்லின்மீது என் கவனம் விழுந்தது. அண்டை அயல் என்று சேர்த்துச் சொல்கிறோம். பக்கத்தில் இருப்பதும் அயல். நமக்குச் சம்பந்தமில்லாததும் அயல். அயல்நாடு என்றால் தூரம். அயல்வீடு என்றால் ஒரு சுவர்தான் இடைவெளி. ஒரே சொல் இரண்டு எதிர்த்திசைகளில் இழுபடுவதை மொழியின் குழப்பம் என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படிப் படவில்லை. பக்கத்தில் இருப்பவன் அந்நியன், அந்நியனாக இருந்துகொண்டே பக்கத்தில் இருப்பவன் என்ற ஒரு பழைய அறிவு அந்தச் சொல்லில் தங்கியிருக்கிறது. அந்த அறிவை வீடு கட்டும்போது நாம் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

தரகர் என்னை மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போன இடம் ஊரைத் தாண்டிய ஒரு செம்மண் பொட்டல். கருவேலமரங்களைப் பிடுங்கிவிட்டுக் கல் நட்டிருந்தார்கள். முப்பதடிச் சாலைகளுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. காரைக்குடி 2024இல் மாநகராட்சியானதிலிருந்து இந்த மாதிரிக் கோடுகள் நாலு திசையிலும் நீண்டுகொண்டிருக்கின்றன. ஒரு மூலையில் பூங்கா என்று பலகை. அதன் நிழலில் ஒரு நாய். தரகர் நல்ல மனிதர். வெயிலுக்குத் தன் துண்டை என் தலையில் போட்டுக்கொள்ளக் கொடுத்தார். பிறகு கேட்டார்:

"அண்ணே, நீங்க எந்த ஊரு?"

சொன்னேன்.

"எந்தக் கோயிலு?"

இந்தக் கேள்வியைச் செட்டிநாட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்கு விளக்க வேண்டும். நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள். இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. எந்தக் கோயில் என்று சொன்னால் ஆள் இன்ன பிரிவு என்று தெரிந்துவிடும். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால் அதைவிட நன்றாகத் தெரிந்துவிடும். நான் விழிக்கவில்லை. தரகரின் முகம் தெளிந்தது.

"அப்பச் சரிண்ணே. சுத்தி எல்லாம் நம்ம மாதிரி ஆளுகதான். வேற ஆளுகளுக்குக் குடுக்கிறதில்லைன்னு ஓனரே சொல்லிட்டாக. நிம்மதியா இருக்கலாம்."

அந்தக் கணத்தில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இதை ஒப்புக்கொள்ளாமல் மேலே எழுதுவது நாணயமாகாது. வெட்கம் வந்தது வீட்டுக்குத் திரும்பும் வழியில். முதலில் வந்தது நிம்மதி. இரண்டில் எது நான் என்று கேட்டால், வெட்கம்தான் நான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் முன்பணத்தைக் கொடுத்தது நிம்மதி.

குடியிருப்புகளைத் திட்டமிடுகிறவர்கள் இன்று மனநலம், சமூக உள்ளடக்கம் என்று இரண்டு லட்சியங்களை ஒரே மூச்சில் சொல்கிறார்கள். மரம் வைத்து, நடைபாதை போட்டு, எல்லாரும் கூட ஒரு இடம் விட்டால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும் என்பது நம்பிக்கை. பொட்டலில் நின்றுகொண்டிருந்த எனக்கு அந்த இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பதாகப் பட்டது. என் மனநலத்தை உத்தரவாதம் செய்ததே இன்னொருவன் அங்கே வரமாட்டான் என்பதுதான். ஆகவே கேள்வியை இப்படி வைத்துக்கொள்கிறேன். என் அண்டைவீட்டுக்காரனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கு உண்டா?

நான் பிறந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்வாசல். செட்டிநாட்டு ஊர்கள் தாமாக வளர்ந்தவை அல்ல, திட்டமிட்டுப் போடப்பட்டவை. தெருக்கள் நேர்கோட்டில் ஓடும். கூரைத் தண்ணீர் முற்றத்தில் இறங்கும். தெருத் தண்ணீர் கால் வழியாக ஊருணிக்குப் போகும். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் இந்த ஊர்கள் சேர்க்கப்பட்டதில் நியாயம் இருக்கிறது. பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் பற்றி வேண்டிய அளவுக்குமேல் எழுதியாயிற்று. சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்காத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

நகரத்தார் வீட்டில் மகனுக்குக் கல்யாணமானால் அவனும் மனைவியும் ஒரு புள்ளி. கோயில் வரி புள்ளிக் கணக்கில்தான். கல்யாணமான பிறகு அவர்களை 'வேறு வைப்பார்கள்'. வேறு வைத்தல் என்றால் வீட்டை விட்டு அனுப்புவது அல்ல. வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவர்களுக்கு. அடுப்பு தனி. வருஷத்துக்கு இவ்வளவு என்று அரிசியும் சாமானும் பெரியவர்கள் கொடுத்துவிடுவார்கள். சமைப்பதும் சிக்கனமாக இருப்பதும் அவரவர் பாடு. முற்றமும் கிணறும் முகப்பும் பொது. கூட்டுக் குடும்பம் என்ற பெயரில் நம் நாவலாசிரியர்கள் எழுதுகிற ஒரே உலை, ஒரே பந்தி சமாச்சாரம் எங்கள் வீட்டில் கிடையாது.

என் அப்பத்தா தன் ஓரகத்தி ஒருத்தியுடன் நாற்பது வருஷம் பேசவில்லை. காரணம் ஒரு வெள்ளிச் செம்பு என்று சொல்வார்கள். அறைகள் எதிரெதிரே. காலையில் கதவைத் திறந்தால் முகத்தில் விழிக்காமல் இருக்க முடியாது. பேசாமலே கிணற்றுக்கு முறை வைத்துக்கொண்டார்கள். பேசாமலே வற்றல் காயப்போட முற்றத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஓரகத்தி செத்தபோது குளிப்பாட்டியவர்களில் அப்பத்தாவும் ஒருத்தி. அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச எதிரே ஆளும் இல்லை. சின்ன வயதில் இதைக் கேவலமான ஒரு பிடிவாதமாக நினைத்திருந்தேன். இப்போது அந்த வீட்டின் சாதனையே இதுதான் என்று தோன்றுகிறது. அந்த வளவு யாரிடமும் பிரியத்தைக் கேட்கவில்லை. பிரியமில்லாத இரண்டு பேர் நாற்பது வருஷம் ஒருவர் அழிவை ஒருவர் நாடாமல் இருந்து முடிக்க வேண்டிய இடத்தை மட்டும் கொடுத்தது.

இவ்வளவு புத்திசாலித்தனமான வீட்டுக்குத்தான் பின்வாசல் இருந்தது.

அடுத்த தெருவில் திறக்கும் அந்தக் கதவு வழியாகத்தான் வேலைக்காரர்கள் வந்தார்கள், விறகு வந்தது, சாணம் வந்தது. முன்தெருவில் சீமைக் கண்ணாடியும் மரச்சிற்பமும் காட்டிய வீடு பின்தெருவில் வெறும் மதில். ஒரே வீட்டுக்கு இரண்டு முகம் வைத்தவன் எவனோ, அவனும் திட்டமிடுகிறவன்தான். சேரி அந்தக் கோட்டுப் படத்துக்குள்ளேயே வரவில்லை. அது எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதும் திட்டத்தின் பகுதி. ஊர் என்ற சொல்லையே சேரியைக் கழித்துவிட்டுத்தான் சொல்லி வந்தோம்.

ஹைடெக்கர் 1951இல் டார்ம்ஷ்டாட்டில் கட்டுதல், குடியிருத்தல், சிந்தித்தல் பற்றி ஆற்றிய உரை நம்மில் பலருக்கு வேதம். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான். போரில் இடிந்த ஜெர்மனியில் ஜனங்கள் கூரையில்லாமல் இருந்த சமயம், வீட்டுப் பற்றாக்குறை அல்ல உண்மையான நெருக்கடி, குடியிருப்பதற்கே மனிதன் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று சொன்னார். உதாரணம், கருங்காட்டின் இருநூறு வருஷப் பண்ணை வீடு ஒன்று. மலைச்சரிவில் காற்றுக்கு ஒதுங்கி நிற்கும் அதில் பூஜை மூலைக்கும் இடம் உண்டு, பிரசவக் கட்டிலுக்கும் சவப்பெட்டிக்கும் இடம் உண்டு. படிக்கும்போது எனக்கு எங்கள் வளவுதான் கண்முன் வந்தது. வானம், மண், தெய்வங்கள், மனிதர்கள் நான்கும் கூடும் இடம் வீடு என்கிறார். அந்த மனிதர்கள் பட்டியலில் பின்வாசல் வழியாக வருகிறவன் உண்டா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 1951இல், அந்த நாட்டில், அக்கம்பக்கத்து யூதர்களின் வீடுகள் காலியாகி அதிக காலம் ஆகாத நிலையில், அந்தக் கேள்வி எழாமல் ஒரு வீட்டைப் பற்றி இவ்வளவு ஆழமாகப் பேச முடிந்திருக்கிறது. ஆழம் என்பதை நான் சந்தேகிக்கத் தொடங்கியது அப்போதிலிருந்துதான்.

எங்கள் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். கீழ்பர்மாவில் நெல் விளையும் முக்கிய மாவட்டங்களில் நிலத்தின் கால் பங்கு 1937 வாக்கில் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. 1930இன் விலைவீழ்ச்சியில் கடன் திரும்பாமல் நிலம் வந்தது. தேக்குத் தூண்களைத் தொட்டுப் பார்க்கும்போது பர்மிய விவசாயியை நினைக்க வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை. அது ஒரு மலிவான உருக்கம். பிறகு பர்மாவும் எங்களைத் துப்பியது. காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு பேட்டை இருக்கிறது. அயல் என்றால் என்னவென்று உடம்பால் கற்றுக்கொண்டு வந்தவர்களின் பெயர் அதில் ஒட்டியிருக்கிறது.

இதே காலத்து இன்னொரு ஆவணம். காரைக்குடி அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில். அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்ததை ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி அணியக்கூடாது, சட்டை போடக்கூடாது, குடையும் செருப்பும் கூடாது, பெண்கள் பூ வைக்கக்கூடாது. இவை தெருவில் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள். என்னைக் குலுக்கியது வேறொன்று. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. இது குடிசைக்குள் நுழைந்து அடுப்பைப் பார்க்கும் சட்டம். மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் வரிசை வரிசையாகச் சீமை எனாமல் தூக்குகளும் பர்மா அரக்குப் பாத்திரங்களும் அடுக்கியிருந்தது அதே வருஷங்களில். எங்களில் ஒரு புதுப்பெண்ணின் அடுப்பில்கூட மாமியார் கைவைக்கக்கூடாது என்று வேறு வைத்தோம். அந்த நாகரிகம் பின்தெருவோடு நின்றுவிட்டது.

அதெல்லாம் அந்தக் காலம் என்பார்கள். பல வருஷம் நின்றுபோயிருந்த கண்டதேவித் தேர் 2024 ஜூனில் போலீஸ் காவலோடு ஓடியது. வடத்தை யார் யார் தொடலாம் என்ற தகராறு தேவகோட்டைக்குப் பக்கத்தில்தான் நடந்தது; வேறு கிரகத்தில் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 15ஆம் பிரிவில் யாரையும் சாதியின் பெயரால் விலக்கக்கூடாத இடங்களைச் சொல்லியிருக்கிறார்கள். கடைகள், உணவு விடுதிகள், கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள். ஊருணி வந்துவிட்டது. வீடும் மனையும் அந்த வரிசையில் சொல்லப்படவில்லை. 2005இல் அகமதாபாத் பார்சிகளின் வீட்டுவசதிச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், தங்கள் சமூகத்தாரை மட்டுமே உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும் சங்கத்தின் விதியை ஏற்றது. சங்கம் அமைக்கும் சுதந்திரம் என்று அதற்குப் பெயர். கிராமம் சுதேசி மேன்மையின் ஊற்று என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த சபையில், அது குறுகிய மனத்தின் குகை என்று 1948 நவம்பரில் அம்பேத்கர் சொன்னார். அந்தக் குகையின் வாசலை இன்று மனைப்பிரிவின் வளைவுகளில் பார்க்கிறேன். ஒரு வித்தியாசம், இப்போது செக்யூரிட்டி உட்கார்ந்திருக்கிறார்.

நண்பர் ஒருவர், கவிஞர், இதையெல்லாம் சொன்னபோது கேட்டார்: "சரி, ராஜாங்கம் உனக்கு அண்டைவீட்டானை ஒதுக்கீடு செய்யட்டும் என்கிறாயா? கட்டாயத்தில் வருகிற அன்பு அன்பா?" நல்ல கேள்வி. இதற்கு என்னிடம் இருக்கிற ஒரே ஸ்தூலமான உதாரணம் சமத்துவபுரம்.

கருணாநிதியின் ஆட்சியில் 1997இல் வந்த திட்டம். முதலாவது, மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நூறு வீடுகள். நாற்பது ஆதிதிராவிடருக்கு, இருபத்தைந்து பிற்பட்டோருக்கு, இருபத்தைந்து மிகப் பிற்பட்டோருக்கு, பத்து மற்றவர்களுக்கு. சாதிவாரியாகத் தெரு கிடையாது, கலந்து கொடுக்க வேண்டும். கோயில், மசூதி, சர்ச் கூடாது. சுடுகாடு ஒன்று. நுழைவில் பெரியார் சிலை. இந்தத் திட்டத்தை நம் பத்திரிகைகள் கேலி செய்தோ, கட்சிக் காரியம் என்று ஒதுக்கியோதான் பழக்கம். நானும் கேலி செய்தவன். ஆனால் இரண்டாயிரம் வருஷத் தமிழ்க் குடியிருப்பு வரலாற்றில், யார் பக்கத்தில் யார் இருப்பது என்பதைப் பிறப்பிடமிருந்து பிடுங்கி ஒரு பட்டியலிடம் கொடுத்த காரியம் வேறு எனக்குத் தெரியவில்லை. பட்டியல் வறட்டுத்தனமானதுதான். பிறப்பு அதைவிட வறட்டுத்தனமான பட்டியல்.

எங்கள் மாவட்டத்தில் கோட்டை வேலங்குடியில் கட்டிய சமத்துவபுரம் ஆட்சி மாறியதில் பூட்டிக் கிடந்து, பத்து வருஷத்துக்குமேல் கழித்து 2022 ஜூனில்தான் திறக்கப்பட்டது. நான் போனது அது அல்ல. பழைய ஒன்று, பெயர் வேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது முதலில் உறைத்தது தூரம். பழைய ஊர் ஒரு பக்கம், பழைய சேரி ஒரு பக்கம், இரண்டிலிருந்தும் தள்ளி, விலை போகாத புறம்போக்கு மேட்டில் இந்த வரிசைகள். ஊரும் சேரியும் இருந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. சமத்துவத்துக்கும் ஊருக்கு வெளியேதான் இடம் கிடைத்திருக்கிறது.

சில வீடுகள் பூட்டிக் கிடந்தன. சிலவற்றில் வாடகைக்கு ஆட்கள். ஒரு வாசலில் அகத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். வந்து இருபது வருஷம் ஆகிறது என்றார். இங்கே எப்படி என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"இங்கன ஒண்ணுமில்ல சார். யாரும் யாரையும் கேக்கமாட்டாக. பக்கத்து வீட்டுல சண்டைன்னா குழாத் தண்ணிக்குத்தான். ஊருக்குள்ள போனாத்தான் பழசெல்லாம்."

சுடுகாடு பற்றிக் கேட்டேன்.

"இருக்கு. ஆனா செத்தா அவகவக சொந்த ஊருக்குல்ல தூக்கிட்டுப் போயிராக."

அவர் இதைப் புகாராகச் சொல்லவில்லை. பிறகு என்னைக் கேட்டார், "நீங்க எந்த ஊரு சார்?" காரைக்குடி என்றேன். அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். என் உடம்பு அதற்குத் தயாராகிவிட்டிருந்தது. அவர் கீரைக் காம்புகளை முறத்திலிருந்து தட்டிவிட்டு, "காரைக்குடில வெயிலு இங்கத்த விட சாஸ்தியோ?" என்றார்.

குழாத் தண்ணீர்ச் சண்டையைத் திட்டத்தின் தோல்வி என்று ஒரு ஆய்வாளர் எழுதக்கூடும். அப்பத்தாவின் பேரனான எனக்கு அப்படி எழுத வராது. குழாய்க்காகச் சண்டை போடுகிறவர்கள் ஒரே குழாயில் பிடிக்கிறவர்கள். இந்த மண்ணில் ஒரே குழாயில் பிடிப்பதற்கு எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது. கவிஞர் கேட்ட அன்பு இங்கே பிரச்னையே அல்ல. அன்பு நண்பர்களிடம் இருக்கட்டும். நண்பனை நான் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், அது என் உரிமை. தேர்ந்தெடுக்காமல் வாய்ப்பவன்தான் அண்டை வீட்டான். அவனையும் தேர்ந்தெடுத்துவிட்டால் எனக்கு நண்பர்களும் உறவினர்களும் மட்டுமே மிஞ்சுவார்கள், அயல் என்று ஒன்று இருக்காது. (இந்தப் பத்திரிகையைப் படிக்கும் சில நூறு பேரும் ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுத்துக்கொண்டவர்கள்தாம். மற்றமை பற்றி நாம் எழுதிக்கொள்வதெல்லாம் வளைவுக்கு உள்ளே நடக்கிற சம்பாஷணை.)

சமத்துவபுரத்தின் குறை அங்கே அன்பில்லை என்பது அல்ல. அடுப்பு தனித்தனியாக இருக்கிறது, வளவு இல்லை. எங்கள் வீட்டில் பேசாதவர்களையும் சேர்த்துப் பிடித்தது முற்றம் என்றேன். அதைவிடக் கெட்டியாகப் பிடித்தது பொதுச் சொத்து, பொது வரி, பிரிக்க முடியாத பங்கு. நூறு வீட்டுக்காரர்களுக்கும் பிழைப்பு பழைய ஊரில். கடன் பழைய ஊரில். திருவிழா, கல்யாணம், கடைசியில் பிணமும் பழைய ஊருக்கு. ராத்திரி தூங்க மட்டும் சமத்துவம். ஐந்து சென்ட் நிலத்தில் தனித்தனி வீடாகக் கட்டிக் கொடுத்ததற்குப் பதில் நூறு பேருக்கும் பொதுவாக ஒரு தோப்போ கண்மாய் மீன்குத்தகையோ கூடவே கொடுத்திருந்தால், இன்னும் நிறையச் சண்டை நடந்திருக்கும், கூடவே இன்னும் நிறையப் பேர் தங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

தப்பிப்போக இடமில்லாமல் செய்த ஊர் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் 1989இலிருந்து அரசு அடுக்ககங்களில் ஒவ்வொரு பிளாக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் விகிதத்துக்கு உச்சவரம்பு. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் அரசு வீட்டில் இருக்கும் ஊரில் அதற்கு அர்த்தம் உண்டு. வீட்டை விற்கும்போதும் விகிதம் பார்ப்பார்கள். சீனர் எண்ணிக்கை நிறைந்துவிட்ட பிளாக்கில் ஒரு தமிழன் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குகிறவர்கள் குறைவு, விலையும் குறைவு. கலந்து வாழ்வதன் செலவைச் சிறுபான்மைதான் அதிகம் கட்டுகிறது. எனக்கு உறுத்துவது இதுதான். கட்டாயம் அல்ல, கட்டாயத்தின் ரசீது யார் பெயருக்கு வருகிறது என்பது. அதே ஊரில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் எங்கள் ஐயாக்கள் கிட்டங்கி வைத்திருந்தார்கள். ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேஜை, ஒரு பாய். அந்த அளவு தரையில் ஒருவருடைய கடை, வீடு, வாழ்க்கை. பக்கத்துப் பாயில் இருந்தவரும் இதே ஒன்பது கோயில்காரர். கடல் கடந்து போயும் அயலைக் காணாமல் திரும்பி வந்தவர்கள் நாங்கள்.

ஆக, உரிமை உண்டா என்ற கேள்விக்கு என் பதில் இல்லை என்பதுதான். என் அடுப்பு என்னுடையது, என் கதவை நான் சாத்திக்கொள்ளலாம், நாற்பது வருஷம் பேசாமலும் இருக்கலாம். சுவருக்கு அப்பால் யார் என்பது என் கையில் இருக்கக்கூடாது. இதை எழுதுவது சுலபமாக இருக்கிறது, ஏனென்றால் எழுதுவதற்கு மனை வேண்டாம்.

பழைய வீட்டில் இப்போது பதினாறு புள்ளிகளுக்குப் பங்கு. யாரும் குடியில்லை. வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்குக் கூடி வெள்ளையடிக்கும் செலவைப் பிரித்துக்கொள்கிறோம். பின்வாசலை உள்ளிருந்து பூட்டிவிட்டோம், சாவி எந்தப் பங்காளியிடம் இருக்கிறதென்று யாருக்கும் நினைவில்லை. மனைக்குக் கொடுத்த முன்பணத்தின் ரசீது இந்த மேஜை இழுப்பறையில் இருக்கிறது. வேண்டாமென்றால் பாதிதான் திரும்பும் என்று அதில் போட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை நாள் நல்லதாக இருக்கிறது, பத்திர ஆபீசுக்கு வந்துவிடுங்கள் என்று தரகர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். இன்று புதன்.